விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறினால் என் விளையாட்டுகள் ஓடுமா?

தனியாக விளையாடும் விளையாட்டுகளே உங்களிடம் அதிகம் என்றால், பெரும்பாலானவை ஓடும். வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டு இயங்குதளத்துக்கு விடுக்கும் அழைப்புகளை, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸுக்கு ஏற்ப மாற்றித் தருகிறது. விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்எக்ஸின் 11-ஆம் பதிப்பு வரையிலான கட்டளைகளை டிஎக்ஸ்விகே என்ற அடுக்கும், 12-க்கு உரியவற்றை விகேடி3டி-புரோட்டானும் லினக்ஸிலும் இயங்கும் வரைகலை இடைமுகமான வல்கனுக்கு மாற்றுகின்றன. வால்வின் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் இதற்கென நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு விளையாட்டு முரண்டு பிடித்தால், அதன் பண்புகளில் உள்ள இணக்கத்தன்மைப் பகுதிக்குச் சென்று வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்து பார்க்கலாம்.

உண்மையான தடை, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்தான். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் புரோட்டானுடன் இயங்கக்கூடியவை என்றாலும், அந்த வசதியை ஒவ்வொரு விளையாட்டின் தயாரிப்பாளரும் தாமே அனுமதிக்க வேண்டும். ஃபோர்ட்நைட்டுக்கு அந்த அனுமதி தரப்படவில்லை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வரை இறங்கும் வேன்கார்டு என்ற ஏமாற்றுத் தடுப்பை நம்பியிருக்கும் வேலரன்ட்டும் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்து, 2024-இல் லினக்ஸ் பயனர்களுக்கு மூடப்பட்டது. ஆகவே நண்பர்களோடு தினமும் ஆடுவது இவற்றில் ஒன்றென்றால், விண்டோஸை அழிக்காதீர்கள் என்பதே என் கருத்து.

ஏஎம்டி வரைகலை அட்டைக்கான டிரைவர் பெரும்பாலும் லினக்ஸுடனேயே வந்துவிடும். என்விடியாவுக்கு அந்நிறுவனத்தின் டிரைவரை நிறுவுவது நல்லது. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் உள்ள பழைய வட்டுப் பகிர்விலிருந்தே விளையாட்டுகளை ஓட்ட முயலாதீர்கள், ஏனெனில் புரோட்டான் உருவாக்கும் சில கோப்புப் பெயர்களில் வரும் முக்காற்புள்ளி அங்கே சிக்கலை உண்டாக்கும். முதலில் தனி எஸ்எஸ்டியில் லினக்ஸை நிறுவி, உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு விளையாட்டையும் எந்த விளையாட்டு எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று பயனர்கள் பதிவிடும் புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.