வாசகர் கேள்வி – பதில்: அடிமை வணிகத்தை எதிர்த்த வாதங்கள்

கேள்வி: அடிமை வணிகம் கொடுமை என்பது பார்த்தாலே தெரியுமே. அதை எதிர்க்க பிரிட்டனில் இத்தனை வாதம் ஏன் தேவைப்பட்டது? (வாசகர், தேனி)

பதில்: வணிகர்களும் நியாயம் பேசினார்கள், அதனால்தான். "ஆப்பிரிக்காவில் போர்க்கைதிகளைத்தான் வாங்குகிறோம்; வாங்காவிட்டால் அங்கேயே வெட்டிப்போடுவார்கள்" என்றார்கள். அடிமை வணிக எதிர்ப்பாளர் தாமஸ் கிளார்க்சன் 1786இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் திருப்பிப் போட்டார்: வாங்க ஆள் இருப்பதால்தான் அந்தப் போர்களே மூட்டப்படுகின்றன. இன்றைய கானா பகுதியில் சிறுவயதிலேயே கடத்தப்பட்ட ஒட்டோபா குகோவானோ, ஆளைத் திருடுவதும் திருடிய ஆளை வாங்குவதும் ஒரே கொள்ளைதான் என்று 1787இல் எழுதினார்.

"கப்பலில் வசதியாகத்தான் கொண்டுபோகிறோம்" என்றதற்குப் பதில், புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் வரைபடம். கப்பலில் ஏற்றும் ஆட்களுக்கு வரம்பு வைத்த 1788ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டப்படி அதில் 454 பேரை ஏற்றலாம். ஓர் ஆணுக்கு ஆறடி நீளம், ஓரடி நாலங்குல அகலம். அந்த அளவில் ஆட்களை வரைந்து பார்த்தால் கால் வைக்க இடமில்லை. சட்டம் வருமுன் அதே கப்பலில் 600 பேருக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள்!

ஆனால் கொடுமையை மட்டும் சொன்னால் போதாது. "சரி, இடத்தைக் கூட்டுகிறோம்" என்று வணிகர் நழுவிவிடுவார். 1788 சட்டமே அப்படியொரு ஒட்டுவேலைதான். அடிவேரைத் தொட்டது சாங் என்ற அடிமைக் கப்பலின் வழக்கு. 1781இல், தண்ணீர் போதாது என்று சொல்லி, அந்தக் கப்பல்காரர்கள் அடிமைகள் சுமார் 130 பேரைக் கடலில் தள்ளினார்கள். உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு காப்பீடு கேட்டார்கள். 1783இல் நீதிமன்றம் விசாரித்தது பணம் யார் தருவது என்பதை மட்டுமே. கொலை வழக்குப் போட இன்னொரு அடிமை வணிக எதிர்ப்பாளரான கிரான்வில் ஷார்ப் முயன்றும் நடக்கவில்லை. மனிதரைச் சரக்கென்று ஒப்புக்கொண்டால் கொலையும் சரக்கு நட்டமாகிவிடும். இதைவிட வலுவான வாதம் வேறில்லை என்பேன். கப்பல் எத்தனை வசதியானதாக இருந்தாலும் இது பொருந்தும்.

கேள்வி: சாதாரண மக்களால் என்ன செய்ய முடிந்தது? (வாசகி, மன்னார்குடி)

பதில்: மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் அடிமை உழைப்பால் விளைந்த சர்க்கரையை வாங்குவதை விட்டார்கள். 1791இல் வந்த ஒரு துண்டுப்பிரசுரம் கணக்கே போட்டுக் காட்டியது: வாரம் 5 ராத்தல், அதாவது இரண்டேகால் கிலோ சர்க்கரையும் அதற்கேற்ற ரம்மும் வாங்கும் குடும்பம் 21 மாதம் நிறுத்தினால், ஒருவர் அடிமையாவதோ கொல்லப்படுவதோ தடுக்கப்படும். வாங்குகிறவருக்கும் குற்றத்தில் பங்குண்டு என்பதே அதன் அடிப்படை. ஓட்டுரிமை இல்லாத பெண்கள் மளிகைக் கணக்கை வைத்தே இதில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையோ 1792இல் "படிப்படியாக" என்ற சொல்லைச் செருகி, அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தை நீர்க்கச் செய்தது. வணிகத்துக்குத் தடை வர 1807 ஆயிற்று. தோட்டங்களில் ஏற்கெனவே இருந்த அடிமைகளுக்கான விடுதலைச் சட்டம் 1833இல்தான் வந்தது.