வலிப்பில் பட்ட கை 'அடித்த' கை ஆகுமா?

கேள்வி: வேலையிடத்தில் எனக்கு வலிப்பு வந்தபோது, தாங்கிப் பிடிக்க வந்த சக ஊழியரின் முகத்தில் என் கை பட்டு அவருடைய பல் உடைந்தது. நான் வேண்டுமென்றே அடித்ததாக அவர் புகார் கொடுத்திருக்கிறார். "தெரியாமல் அடித்துவிட்டேன்" என்று விளக்கக் கடிதம் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். 'அடித்தேன்' என்றவுடன் செயலைச் செய்தவர் நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டதாகிறது. 'தெரியாமல்' என்பது நோக்கத்தை மட்டுமே மறுக்கிறது. நோக்கம் இல்லாவிட்டாலும் கவனக்குறைவுக்காகவே தண்டிக்கப்படும் குற்றங்கள் உண்டு. உங்கள் தரப்பு அதற்கும் முந்தையது: மனத்தின் கட்டுப்பாடு சிறிதுமின்றித் தசைகள் இழுத்துக்கொண்ட அசைவை உங்கள் செயலாகவே கருதக் கூடாது என்பதுதான் உங்கள் வாதமாக இருக்க வேண்டும். 1961-இல் பிராட்டி வழக்கில் பிரிட்டிஷ் நீதிபதி டென்னிங் பிரபு, இத்தகைய அசைவுகளுக்கு எடுத்துக்காட்டாக வலிப்பையும் குறிப்பிட்டார்.

'தன்னிச்சையாகக் கை அசைந்தது' என்றும் எழுத வேண்டாம். தானாக நிகழ்ந்தது என்ற பொருளில் நீங்கள் எழுதுவதை, சொந்த விருப்பத்தால் செய்தது என்று எதிர்த்தரப்பு வாசிக்க இடமுண்டு. "வலிப்பின்போது என் கை இழுத்துக்கொண்டு அவர் முகத்தில் பட்டது, அப்போது எனக்குச் சுயநினைவு இல்லை" என்பது, அது உண்மையாக இருக்கும் பட்சத்தில், போதுமானது.

இரண்டு எச்சரிக்கைகள். வலிப்பு உடலுக்குள்ளிருந்து வரும் காரணம் என்பதால், சில நாடுகளில் இந்த வாதம் மனநலக் குறைபாட்டு வாதமாக மாற்றப்படும். இங்கிலாந்தில் 1983-இல் சல்லிவன் வழக்கில் அப்படித்தான் முடிவானது. வலிப்பின்போது ஒருவரைக் காயப்படுத்திய சல்லிவன், மனநலக் குறைபாடுள்ளவர் என்ற முத்திரைக்கு அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. அடுத்தது, வலிப்புக்கு முன் நீங்கள் அறிந்து செய்தவை. தமக்கு வலிப்பு வரும் என்று தெரிந்தே கார் ஓட்டி நான்கு குழந்தைகளின் இறப்புக்குக் காரணமானவரைக் குற்ற விசாரணைக்கு உட்படுத்தலாம் என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1956-இல் டெசினா வழக்கில் கூறியது. வண்டியை ஓட்டத் தொடங்கியது அவராகவே எடுத்த முடிவு. ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்தியிருந்தால் அதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

சிகிச்சைப் பதிவுகளையும், சம்பவத்தைப் பார்த்தவர்களின் பெயர்களையும் உடனே சேகரித்து, உங்கள் நாட்டுக் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் வரைவைப் படித்த பிறகே கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.