ஸ்கேனரின் முகப்புப் பட்டனை அழுத்தினால் லினக்ஸில் ஒன்றும் நடக்கவில்லை. ட்ரைவரில் அதை எப்படிப் பிடிப்பது?

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை என்று எழுதியிருக்கிறீர்கள், மாடலை எழுதவில்லை. பட்டா, ஆதார் என்று ஆட்கள் நிற்கும்போது மௌஸைத் தொடாமல் ஒரே அழுத்தில் ஸ்கேன் ஆகவேண்டும், அதுதானே? கேனான் லைடு 110 அல்லது 120 போல யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் ஸ்கேனர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அந்தப் பட்டன் கீபோர்டு கீ மாதிரி தானாகச் சேதி சொல்லாது. சிப்பின் ஜிபிஐஓ காலில் (வெளி சிக்னலை வாங்கும் கால்) அது மாட்டியிருக்கும். அழுத்தினால் ரெஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடத்தில், ஒரு பிட் மாறும், யாராவது போய்க் கேட்டால்தான் தெரியும். விண்டோஸில் கம்பெனி ட்ரைவரோடு வரும் சர்வீஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸில் அந்த வேலைக்கு ஸ்கேன்பிடி என்ற பின்னணி புரோகிராம்.

அதைப் போடுவதற்கு முன்னால், பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஸ்கேன்இமேஜ் கட்டளையைப் பெரிய ஏ விருப்பத்தோடு ஓட்டுங்கள். பட்டியலின் கடைசியில் பட்டன்களுக்கென்று ஒரு பகுதி வந்து, 'நோ' என்பது 'யெஸ்' ஆனால் ட்ரைவருக்குப் பட்டன் தெரியும். பாதி வேலை முடிந்தது. அந்தப் பகுதியே இல்லையென்றால் ஸ்கேன்பிடி போட்டும் பிரயோஜனம் இல்லை.

போட்ட பிறகு எல்லோரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். ஸ்கேன்பிடி ஸ்கேனரைத் திறந்து வைத்துக்கொள்ளும். வேறு புரோகிராம் திறக்கப் போனால் 'டிவைஸ் பிஸி'. அதனால் டிஎல்எல்.கான்ஃப் (எந்த ட்ரைவர்களை ஏற்றுவது என்ற பட்டியல்) இரண்டு வேண்டும். லினக்ஸின் பொது ஸ்கேனர் அமைப்பான சேனின் சேன்.டி கோப்புறையில் உள்ளதில் 'நெட்' (நெட்வொர்க் வழியாக ஸ்கேனரை அணுகும் ட்ரைவர்) மட்டும் இருக்கட்டும், நெட்.கான்ஃபில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது இதே கம்ப்யூட்டர். மற்ற புரோகிராம்கள் அந்த வழியாகவே வரும். ஸ்கேன்பிடி கோப்புறையில் உள்ளதில் உங்கள் ட்ரைவர் (லைடு 110க்கு ஜெனிசிஸ்) இருக்கட்டும், அங்கே 'நெட்' வரவே கூடாது. இரண்டிலும் 'நெட்' இருந்தால் தன்னையே கூப்பிட்டுச் சுற்றும்.

ஸ்கேன்பிடியின் கான்ஃபிக்கில் வழக்கமான டிரிகர் (வேலையைத் தொடங்கவைக்கும் மாற்றம்) 1-லிருந்து 0. ட்ரைவர் சொல்லும் 1 என்றால் அழுத்தியிருக்கிறது. அதாவது விரலை எடுக்கும்போதுதான் வேலை தொடங்கும், மாற்ற வேண்டாம். டைம்அவுட், அதாவது ஒரு தடவை கேட்டு மறுதடவை கேட்கும் இடைவெளி, 500 மில்லிசெகண்ட். சிப் அழுத்தத்தை நினைவில் வைக்காத மாடலில் சட்டென்று தட்டினால் தவறிவிடும், அரை நொடிக்கு மேல் அழுத்தச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் சிபியு போய்விடும் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நொடிக்கு இரண்டு தடவை சில பைட். அவ்வளவுதான்.

டெபியன், உபுண்டுவில், பட்டனுக்காக ஸ்கேன்பிடி ஓட்டும் ஸ்கிரிப்ட் ஓடுவது 'சேன்டி' என்ற யூசர் பெயரில். உங்கள் ஹோம் கோப்புறையில் எழுத அதற்கு அனுமதி கிடையாது. பட்டன் வேலை செய்தும் ஃபைல் வரவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

ஸ்கிரிப்டில் டிவைஸ் பெயரையும் கையால் எழுதாதீர்கள். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் கரண்ட் ஒரு நொடி போய் வருமே, அப்போது கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் நின்றாலும் தனி அடாப்டரில் ஓடும் ஹப் ரீசெட் ஆகி, 004 என்றிருந்த யூஎஸ்பி எண் 005 ஆகிவிடும். ஸ்கேன்பிடி தரும் டிவைஸ் மாறியையே எடுங்கள்.

ட்ரைவருக்கே பட்டன் தெரியாத மாடலா? விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸும் கம்பெனி ட்ரைவரும் போட்டு ஸ்கேனரை அதற்குக் கொடுங்கள். லினக்ஸ் பக்கம் யூஎஸ்பிமானை (யூஎஸ்பி போக்குவரத்தைப் பதியும் கெர்னல் மாட்யூல்) ஏற்றி, அதைக் காட்டும் வயர்ஷார்க் புரோகிராமில், ஸ்கேனர் சும்மா இருக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபரை (சிப்பைக் கேட்டுப் பதில் வாங்கும் சின்னச் சேதி) பாருங்கள். ஜெனிசிஸ் சிப் என்றால் பழையவற்றில் ரிக்வெஸ்ட் எண் 0எக்ஸ்0சி, லைடு 110 போன்ற பிந்தியவற்றில் 0எக்ஸ்04. அழுத்தும்போது எந்த பைட் மாறுகிறது என்று ஒவ்வொரு பட்டனாகக் குறித்துக்கொள்ளுங்கள். பல சிப்பில் அழுத்தினால் 0, விட்டால் 1. தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பவேண்டாம். சில மாடலில் இன்டரப்ட் எண்ட்பாயிண்ட்டிலும் (நிகழ்வைச் சொல்லவென்றே உள்ள தனி யூஎஸ்பி வழி) ஒரு பைட் வரும், அதையும் கவனியுங்கள்.

இந்த ரெஜிஸ்டர் விவரத்தைக் கம்பெனிக்காரன் நாலு பக்கத்தில் வெளியிட்டால் இத்தனை பாடு இல்லை. வெளியிடமாட்டான். கடையில் கேட்டால் "பழைய மாடல், புதுசு வாங்குங்க அண்ணாச்சி" என்பார்கள். கண்ணாடி, மோட்டார், சென்சார் எல்லாம் நன்றாக இருக்கும் சாமானை ஒரு பிட்டுக்காகத் தூக்கிப் போடச் சொல்வது என்ன நியாயம்?

மாடலையும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் இரண்டு ஐடி எண்களையும் (கம்பெனி எண், மாடல் எண்) எழுதுங்கள், எந்த ட்ரைவர் என்று பார்த்துச் சொல்கிறேன்.