பழங்குடிக் காசினோ மெஷின்களைச் சோதிப்பது யார்? ஜெயித்த பணத்தை மறுத்தால் எங்கே போவது?

கேள்வி: தெற்குக் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். போன மாதம் ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், மாமியாரை அழைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் பழங்குடிக் காசினோவுக்கு (அமெரிக்கப் பூர்வகுடி அரசு தன் நிலத்தில் நடத்தும் சூதாட்ட விடுதி) போயிருந்தோம். நான் ஆடிய ஸ்லாட் மெஷின் திடீரென்று 9,000 டாலருக்கு மேல் ஜெயித்ததாகக் காட்டி அப்படியே நின்றுவிட்டது. ஊழியர் வந்து திறந்து பார்த்துவிட்டு, "மெஷின் கோளாறு, இந்தத் தொகை செல்லாது" என்று சொல்லி, நான் போட்ட 20 டாலரை மட்டும் திருப்பிக் கொடுத்தார். இந்த மெஷின்களை அரசாங்கம் சோதிக்கிறதா, இல்லை அவர்கள் வைத்ததுதான் சட்டமா? நான் யாரிடம் புகார் செய்ய வேண்டும்?

பதில்: ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது. அதனால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. அந்தப் பழங்குடியின் கேமிங் கமிஷனுக்கு இன்றைக்கே எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். காசினோவை நடத்தும் நிர்வாகம் வேறு, அதைக் கண்காணிக்கும் கமிஷன் வேறு. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஆட்களும் பொறுப்பும் தனித்தனி. ஊழியரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது.

புகாரில் தேதி, ஏறக்குறைய நேரம், மெஷினின் எண், திரையில் தெரிந்த தொகை, ஊழியர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் இருக்கட்டும். மெஷின் எண் நினைவில்லை என்றால் அது தளத்தில் எந்த இடத்தில் இருந்தது, ஆட்டத்தின் பெயர் என்ன என்று எழுதுங்கள். உறுப்பினர் அட்டையைச் செருகி ஆடியிருந்தால் அதன் எண்ணே போதும், எந்த மெஷினில் எப்போது ஆடினீர்கள் என்பது அவர்கள் கணினியில் இருக்கும். போனில் படம் எடுத்திருந்தால் இணையுங்கள். முக்கியமாக ஒரு வரி: "அந்த மெஷினின் ஆட்டப் பதிவு, கோளாறுப் பதிவு, கேமரா காட்சி மூன்றையும் அழிக்காமல் பாதுகாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." பிங்கோ (அழைக்கும் எண்களை அட்டையில் பொருத்தும் ஆட்டம்) வகை ஆட்டங்களுக்கான கூட்டாட்சி விதியில் கேமரா காட்சியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம் 7 நாள்தான். தகராறு என்று அப்போதே பதிவாகியிருந்தால் உங்கள் காட்சியைத் தனியாக எடுத்து வைத்திருக்க வாய்ப்பு உண்டு. அதையும் கேளுங்கள்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. சோதனை உண்டு. ஆனால் நம் மனதில் இருக்கும் "அரசு ஆய்வாளர்" அங்கே முதல் ஆள் இல்லை. முதல் ஆய்வாளர் பழங்குடியின் சொந்தக் கமிஷனைச் சேர்ந்தவர். இது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தானாகப் புரியும்.

கலிஃபோர்னியாவில் இண்டியோ நகருக்குப் பக்கத்தில் கபசான் பழங்குடியினர் தங்கள் நிலத்தில் பிங்கோவும் சீட்டாட்டமும் நடத்தினார்கள். மாநில அரசும் மாவட்டமும் தடுக்கப் பார்த்தன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987ல் பழங்குடியினர் பக்கம் தீர்ப்பானது. மாநிலமே லாட்டரி நடத்துகிறது, பிங்கோவை அனுமதிக்கிறது. சூதாட்டத்தை முழுக்கத் தடை செய்யாத மாநிலம் தன் ஒழுங்குமுறை விதிகளைப் பழங்குடி நிலத்தின் மேல் திணிக்க முடியாது என்றது நீதிமன்றம். அடுத்த வருடமே, 1988 அக்டோபரில், நாடாளுமன்றம் இந்தியன் கேமிங் ரெகுலேட்டரி ஆக்ட் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது.

அந்தச் சட்டம் ஆட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை சடங்குகளோடு சேர்ந்த பாரம்பரிய விளையாட்டுகள், அதில் வெளியார் யாரும் தலையிட முடியாது. இரண்டாம் வகை பிங்கோவும் அதைச் சார்ந்த மின்னணு மெஷின்களும். இதைப் பழங்குடிக் கமிஷன் கட்டுப்படுத்தும். அதற்கு மேலே நேஷனல் இந்தியன் கேமிங் கமிஷன் என்ற கூட்டாட்சி அமைப்பு இருக்கிறது. மூன்றாம் வகையில்தான் வழக்கமான ஸ்லாட் மெஷின்கள் வருகின்றன. அவற்றை வைக்க வேண்டுமென்றால் பழங்குடி அரசும் மாநில அரசும் காம்பாக்ட் எனப்படும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். மாநில ஆய்வாளர் காசினோவுக்குள் வரலாமா, எப்போது வரலாம், எதைத் திறந்து பார்க்கலாம் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான்.

கூட்டாட்சி ஆய்வாளர்கள் ஸ்லாட் மெஷின்களையும் தணிக்கை செய்யலாம் என்றுதான் பல வருடம் நடந்துகொண்டிருந்தது. 2001ல் அரிசோனாவில் கொலராடோ நதிப் பழங்குடியினர், மூன்றாம் வகை ஆட்டங்களைத் தணிக்கை செய்ய வந்த கூட்டாட்சிக் குழுவுக்கு அனுமதி மறுத்தார்கள். அபராதம் விதிக்கப்பட்டது, வழக்குப் போட்டார்கள். 2006ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடியினருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: மூன்றாம் வகைக்கு உள்கட்டுப்பாட்டு விதிகள் போடும் அதிகாரத்தைச் சட்டம் கூட்டாட்சிக் கமிஷனுக்குத் தரவில்லை. ஸ்லாட் மெஷின் விஷயத்தில் கூட்டாட்சி அரசை எதிர்பார்த்துப் பயனில்லாமல் போனது இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான்.

மாநிலங்களின் பங்கு இடத்துக்கு இடம் மாறும். வாஷிங்டன் மாநிலத்தில் பழங்குடிக் காசினோ மெஷின்கள் மின்னணு லாட்டரி முறையில் இயங்குகின்றன, மாநில சூதாட்டக் கமிஷனுக்கு அதற்கென்றே ஆய்வகம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் 1999 ஒப்பந்தங்களில், மாநில ஆய்வாளர் பொதுமக்கள் நடமாடும் பகுதிக்கு வேலை நேரத்தில் முன்னறிவிப்பு இல்லாமலே வரலாம் என்று இருந்தது. உள்பகுதிக்குப் போக வேண்டும் என்றால் பழங்குடிக் கமிஷனிடம் அடையாள அட்டையைக் காட்டி அனுமதி கேட்க வேண்டும், கமிஷனின் ஆள் கூடவே வரலாம் என்றும் இருந்தது. 2006ல் திருத்திய சில ஒப்பந்தங்கள், ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களை மாநில ஆய்வாளர்கள் வருடத்துக்கு நான்கு முறை வரை எதேச்சையாகச் சோதனை செய்யலாம் என்று சேர்த்தன. வருடத்துக்கு நான்கு என்றால், மீதி நாட்களில் மெஷினைப் பார்த்துக்கொள்வது யார் என்று சொல்லவே வேண்டாம்.

அந்தச் சோதனையில் என்னதான் பார்க்கிறார்கள்? இதைப் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு மெஷின் காசினோவுக்கு வருவதற்கு முன்பே அதன் மென்பொருள் சுதந்திரமான ஆய்வகம் ஒன்றுக்குப் போகிறது. கேமிங் லேபரட்டரீஸ் இன்டர்நேஷனல், பி.எம்.எம். டெஸ்ட்லேப்ஸ் இரண்டும் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். எண்களைத் தேர்ந்தெடுக்கும் நிரலின் முடிவுகளை லட்சக்கணக்கில் எடுத்து, ஏதாவது ஒழுங்கு தென்படுகிறதா என்று புள்ளியியல் சோதனை செய்கிறார்கள். ஒவ்வொரு சின்னமும் எத்தனை முறை வரும், எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு என்ற கணக்குத் தாளை மென்பொருளோடு ஒப்பிடுகிறார்கள். ஆட்டத்தின் நடுவில் மின்சாரத்தைத் துண்டித்து, மறுபடி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பார்க்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் சான்றுக் கடிதம். அதில் அந்த மென்பொருளின் கைரேகை போல ஒரு நீண்ட எண் இருக்கும். மென்பொருளில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மொத்தமாக மாறிவிடும்.

மெஷின் தளத்துக்கு வந்ததும் பழங்குடிக் கமிஷனின் ஆய்வாளர் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் மென்பொருளின் எண்ணைத் தன் கருவியால் கணக்கிட்டுக் கடிதத்தில் இருப்பதோடு ஒப்பிடுகிறார். பொருந்தினால், மூளையான பலகை இருக்கும் பெட்டியைத் தனிச் சாவியால் பூட்டி, எண்ணிட்ட முத்திரை நாடா ஒட்டுகிறார். உரித்தால் அந்த நாடா தடயத்தை விட்டுவிடும். மெஷினுக்குள் கதவோரமாக ஒரு சின்னப் பதிவுப் புத்தகமோ அட்டையோ வைத்திருப்பார்கள். யார் திறந்தாலும் தேதி, நேரம், காரணம், கையெழுத்து. உங்கள் மெஷினைத் திறந்த ஊழியரும் அதில் எழுதியிருக்க வேண்டும். புகாரில் அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். காரணம் என்று அவர் அன்றைக்கு என்ன எழுதினார் என்பது, பிறகு கடிதத்தில் வரும் விளக்கத்தைவிட மதிப்புள்ளது.

நம் ஊரில் கடைத் தராசுக்கு முத்திரை வைக்கும் அதிகாரி எடை சரியா என்று பார்ப்பார், அரிசி விலை நியாயமா என்று பார்க்க மாட்டார். இங்கேயும் அதேதான். அங்கீகரித்த மென்பொருள் அங்கீகரித்தபடி ஓடுகிறதா என்பதே சோதனை. எவ்வளவு திருப்பித் தருகிறது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அரிசோனாவின் 2003 ஒப்பந்தங்கள் ஸ்லாட் மெஷின் நீண்ட காலக் கணக்கில் குறைந்தது 80 சதவீதம் தர வேண்டும் என்றன. கலிஃபோர்னியாவில் அப்படிப் பொதுவான குறைந்தபட்சம் இல்லை, காசினோக்கள் அந்த விவரத்தை வெளியிட வேண்டிய கட்டாயமும் இல்லை. இது மாற வேண்டும் என்பது என் கருத்து. ஆடுபவருக்கு அந்த ஒரு எண்ணாவது தெரிய வேண்டும்.

சோதிப்பவரையே யார் சோதிப்பது என்ற கேள்வியும் நியாயமானது. 1990களில் நெவாடா மாநிலக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மெஷின்களைச் சோதிக்கும் வேலையில் இருந்த பொறியாளர் ஒருவர், சோதனைக் கருவிக்குள்ளேயே திருட்டு நிரலை வைத்து, தான் சோதித்த மெஷின்களைக் கெடுத்தார். 1995ல் பிடிபட்டார். அது மாநில அரசின் ஆள், பழங்குடி ஆள் இல்லை. பழங்குடிக் கமிஷன் என்றால் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. காசினோ வருமானத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்தும் பழங்குடி அரசுக்கு, மெஷின்கள் மேல் நம்பிக்கை போனால் வரும் நஷ்டம் உங்கள் 9,000 டாலரைவிடப் பல மடங்கு பெரியது. ஒழுங்காக நடக்கும் கமிஷன்கள் இதை நன்றாக உணர்ந்திருக்கின்றன.

இனி உங்கள் பணம். "கோளாறு ஏற்பட்டால் ஆட்டமும் தொகையும் செல்லாது" என்ற வரி பெரும்பாலும் எல்லா மெஷின்களிலும் எழுதியிருக்கும். உண்மையான கோளாறு என்றால் அந்த வரி உங்களுக்கு எதிராகத்தான் போகும். ஆனால் கோளாறு என்று சொல்வது ஒன்று, காட்டுவது வேறு. மெஷின் தன் கடைசிச் சில ஆட்டங்களை நினைவில் வைத்திருக்கும், எந்த நொடியில் எந்தப் பிழை வந்தது என்ற பதிவும் இருக்கும். உங்கள் ஆட்டத்தின் முடிவு உண்மையில் எவ்வளவு, திரை காட்டியது எவ்வளவு என்று இதிலிருந்து கண்டுபிடிக்கலாம். நினைவகத்தைத் துடைத்துவிட்டு மெஷினை மறுபடி ஓட்டியிருந்தால் உள்ளே இருந்தது போய்விட்டது. மையக் கணினிக்குப் போன தகவல் மட்டும் மிஞ்சும். முதலில் பாதுகாக்கச் சொல்லுங்கள் என்று நான் அவசரப்படுத்தியது இதற்காகத்தான். பதிவுகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா, அறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நேராக நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று தோன்றும். பழங்குடி அரசுகளுக்கு இறையாண்மைப் பாதுகாப்பு உண்டு, அவர்கள் சம்மதம் இல்லாமல் வழக்குப் போட முடியாது. 2006ல் நியூ மெக்சிகோவின் சாண்டியா பழங்குடிக் காசினோவில் ஒருவருக்கு மெஷின் கிட்டத்தட்ட 16 லட்சம் டாலர் காட்டியது. காசினோ கோளாறு என்றது. அவர் மாநில நீதிமன்றத்துக்குப் போனார். ஒப்பந்தத்தில் பழங்குடி அரசு வழக்குக்குச் சம்மதித்திருப்பது உடல் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும்தான், இது அதில் சேராது என்று 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அலபாமாவில் 2010ல் மின்னணு பிங்கோ மெஷினில் 13 லட்சம் டாலருக்கு மேல் காட்டிய இன்னொருவர் வழக்கும் 2017ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் இப்படியே முடிந்தது. மெஷின் உண்மையிலேயே கெட்டதா என்ற கேள்விக்குள் இரண்டு நீதிமன்றங்களுமே போகவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பழங்குடியினரின் இறையாண்மை போராடிக் காத்த உரிமை, அதை மதிக்கிறேன். ஆனால் ஆடுபவரின் குறையைக் கேட்க நடுநிலையான ஓர் இடத்தையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிவைக்கலாம்.

உங்களுக்கு ஓரளவு நல்ல செய்தி, கலிஃபோர்னியாவின் பிந்தைய ஒப்பந்தங்கள் பலவற்றில் அப்படி எழுதியிருக்கிறார்கள். பணம் மறுக்கப்பட்டால் பழங்குடிக் கமிஷன் விசாரிக்க வேண்டும். அந்த முடிவில் திருப்தி இல்லை என்றால் பழங்குடி நீதிமன்றத்துக்கோ நடுவர் மன்றத்துக்கோ போகலாம். எல்லா ஒப்பந்தமும் ஒரே மாதிரி இல்லை, கெடு நாட்களும் குறைவு. கலிஃபோர்னியா கேம்ப்ளிங் கன்ட்ரோல் கமிஷனின் இணையதளத்தில் ஒவ்வொரு பழங்குடியின் ஒப்பந்தமும் இருக்கிறது. உங்கள் காசினோவை நடத்தும் பழங்குடியின் பெயரைத் தேடி, வாடிக்கையாளர் தகராறு பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். கெடு தாண்டியிருந்தாலும் புகாரை அனுப்புங்கள். அப்படி ஓர் உரிமை இருப்பதைக் காசினோ உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

அதற்கு முன் மெஷின் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். திரையின் ஒரு மூலையில் குட்டியாக பிங்கோ அட்டை தெரிந்ததா? தெரிந்தால் அது இரண்டாம் வகை. சுழன்ற படங்கள் வெறும் காட்சி, முடிவைத் தீர்மானித்தது பிங்கோ எண்கள். அந்த மெஷினுக்கு மாநில ஒப்பந்தம் பொருந்தாது, கூட்டாட்சித் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும். அட்டை இல்லை என்றால் அநேகமாக மூன்றாம் வகை.

நேஷனல் இந்தியன் கேமிங் கமிஷனுக்கும் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் தனிப்பட்ட வாடிக்கையாளரின் பணத் தகராறை அவர்கள் தீர்ப்பதில்லை, பழங்குடிக் கமிஷனிடமே போகச் சொல்வார்கள். கலிஃபோர்னியா கேம்ப்ளிங் கன்ட்ரோல் கமிஷனுக்கு ஒரு நகல் அனுப்பி வையுங்கள். உங்கள் பணத்தை அவர்கள் வாங்கித் தர மாட்டார்கள், ஆனால் ஒரே மெஷின் மாதிரியைப் பற்றிப் பல இடங்களிலிருந்து புகார் வந்தால் அடுத்த சோதனையில் எதைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்ய அது உதவும். பழங்குடிக் கமிஷனிடமிருந்து பதில் வந்ததும் அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள். என்ன பதிவுகளைப் பார்த்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதை வைத்து, நடுவர் மன்றம் வரை போவது பயன் தருமா என்று சொல்கிறேன்.