வயதாகும்போது தோல் சுருங்குவது ஏன்? அதை எப்படிப் பராமரிப்பது?

தோல் தன் இறுக்கத்தை இழந்து, மடிந்த இடத்தில் மடிப்பு அப்படியே தங்கிவிடுவதைத்தான் சுருக்கம் என்கிறோம். தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள் பின்னிக் கிடந்து மேல்தோலைத் தாங்குகின்றன. வயது ஏற ஏற அவை மெலிந்து குறைவதால், கயிறு தளர்ந்த கட்டில் தொய்வதைப் போலத் தோலும் தொய்ந்து மடிகிறது.

வயதோடு சேர்ந்து இந்த இழைகளை மிகுதியாகச் சிதைப்பது வெயில்தான். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் காலமெல்லாம் உழைத்த ஒரு பெரியவரின் கையைப் பாருங்கள்: புறங்கையில் கோடுகள் ஆழமாக ஓடியிருக்கும், சட்டைக்குள் மறைந்திருந்த மேற்கையின் உட்புறமோ, அதே வயதுத் தோலாக இருந்தும், பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும். ஆகவே, தோப்புக்கோ கேழ்வரகுக் கொல்லைக்கோ செல்பவர்கள் முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் அணிவதும், வெளியே தெரியும் இடங்களில் எஸ்.பி.எஃப். எனப்படும் வெயில் காப்பு அளவு 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் என்னும் வெயில் தடுப்புக் களிம்பை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுவதும் முதன்மையான பராமரிப்பு என்பேன். குளித்த ஈரம் முழுவதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் என்னும் ஈரம் காக்கும் களிம்பைத் தடவுங்கள். பீடி, சிகரெட்டை அறவே விடுங்கள், அவையும் கொலாஜனை அழிப்பவையே.

தேங்காய் எண்ணெய் தேய்த்துவந்தால் சுருக்கம் மறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெய் மேல்தோலின் ஈரத்தைக் காத்து வறட்சிக் கோடுகளை மட்டுப்படுத்துமே தவிர, உள்ளே சிதைந்துபோன இழைகளை மீண்டும் உருவாக்காது.