மகன் ஃபுட்டிதான் வாழ்க்கை என்கிறான்: மெல்பர்னில் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான், ஃபுட்டியில், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தில், திறமையான இளம் ஆட்டக்காரர்களுக்கான டேலன்ட் லீக் அணியில் இடம் கிடைத்துவிட்டது, "படிப்பெல்லாம் அப்புறம்" என்கிறான். "இருபது வயதில் வெறுங்கையோடு வந்து நின்றால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனாலும் அவனைத் தடுக்காதீர்கள் என்றே சொல்வேன். டேலன்ட் லீக்கில் இடம் கிடைப்பது லேசான காரியம் இல்லை. அந்த அளவுக்கு உழைக்கத் தெரிந்த பையனிடம் விளையாட்டைப் பிடுங்கிக்கொண்டால் அந்த உழைப்பு தானாகப் படிப்பின் பக்கம் திரும்பிவிடாது.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். டிசம்பர் 31க்குள் 18 வயது நிறையும் பிள்ளைகள் அந்த ஆண்டின் டிராஃப்டுக்கு, அதாவது ஏ.எஃப்.எல் என்ற தேசிய லீக்கின் கிளப்புகள் புது ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, பெயர் கொடுக்கலாம். டிராஃப்ட் நடப்பது நவம்பரில். ஆண்டின் நடுவே வரும் குளிர்காலத்தில் 18 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப் வரும். அக்டோபர் வாக்கில் 20 மீட்டர் ஓட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து மேலே எம்பிக் குதித்தல் என்று உடல்திறன் சோதனைகள் நடக்கும். பள்ளியிறுதிச் சான்றிதழான வி.சி.இ.யின் பரீட்சையும் அதே அக்டோபர், நவம்பரில்தான். ஆக, அடுத்த ஆண்டு எல்லாம் ஒரே நேரத்தில் அவன் தலையில் வந்து விழும். வி.சி.இ.யை இரண்டே ஆண்டில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடங்களை மூன்று ஆண்டுக்குப் பிரித்துக்கொள்ள முடியுமா என்று பள்ளியில் இப்போதே கேளுங்கள். நம் வீடுகளில் இதை "ஒரு வருஷம் பின்தங்கிவிட்டான்" என்று பார்ப்பார்கள். தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள்.

நீங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவனுக்கு ஒரு வழியைத் திறக்கலாம். பெற்றோரில் ஒருவராவது ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்திருந்தால், கிளப்புகள் நடத்தும் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி'யில் அந்தப் பிள்ளைகள் சேர வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு கிளப்புக்கும் அதற்கென்று பகுதிகள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். டிராஃப்டில் அந்தப் பிள்ளையை வேறொரு கிளப் கேட்டால், தன் மற்ற டிராஃப்ட் வாய்ப்புகளை ஈடாகக் கொடுத்துத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை அகாடமி நடத்தும் கிளப்புக்கு இருக்கிறது. இந்த விதிகள் அடிக்கடி மாறும். அதனால் உங்கள் பகுதி எந்தக் கிளப்பின் கீழ் வருகிறதோ, அங்கேயே விசாரியுங்கள்.

சரி, டிராஃப்டில் அவன் பெயரும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்னிடம் வரும் பெற்றோர் எல்லோரும் அந்த ஒரு இரவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் கவலை அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியது. பெரும்பாலான புதுப் பையன்களுக்குக் கிடைப்பது 2 ஆண்டு ஒப்பந்தம். எந்தக் கிளப் என்று அவன் தேர்ந்தெடுக்க முடியாது. பெர்த்தில் இருக்கும் கிளப் கூப்பிட்டால் விமானத்தில் நான்கு மணி நேரத் தொலைவுக்குப் போய், முன்பின் தெரியாத குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பயிற்சிக்குப் போக வேண்டும். முதல் ஆண்டில் பல பையன்கள் பெரும்பாலும் வி.எஃப்.எல், டபிள்யூ.ஏ.எஃப்.எல் போன்ற மாநில லீக்குகளில்தான் ஆடுவார்கள். 28 வயது ஆணின் உடம்போடு மோத 18 வயது உடம்புக்கு அவகாசம் வேண்டும். முழங்கால் தசைநார் ஒரு முறை அறுந்தால் ஏறக்குறைய ஒரு முழு ஆண்டு போய்விடும். அதாவது ஒப்பந்தத்தில் பாதி.

ஜாக் வாட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 டிராஃப்டில் மெல்பர்ன் கிளப் முதல் ஆளாக எடுத்த பையன். அடுத்த ஆண்டு ஜூனில், இன்னும் பள்ளி மாணவனாக இருக்கும்போதே, எம்.சி.ஜி மைதானத்தில் காலிங்வுட் கிளப்புக்கு எதிரான பெரிய ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள். முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர் என்ற எதிர்பார்ப்பு பல ஆண்டுகள் அவர் தோளை விட்டு இறங்கவில்லை. 2013இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர் டாம் பாய்ட். ஒரே சீசனில் கிளப் மாறி, 2016 இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து, 1954க்குப் பிறகு முதன்முறையாக வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கோப்பையை வெல்லக் கைகொடுத்தார். 2019இல், 23 வயதில், ஓய்வு பெற்றுவிட்டார். மனநலப் போராட்டத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவருகிறார். அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சாம் மிட்செலை 2000 டிராஃப்டில் எந்தக் கிளப்பும் எடுக்கவில்லை. ஓராண்டு பாக்ஸ் ஹில்லுக்கு வி.எஃப்.எல் ஆடினார். அடுத்த ஆண்டு ஹாத்தார்ன் அவரை 36ஆவது ஆளாக எடுத்தது. 2008இல் கோப்பை வென்ற அணிக்கு அவர்தான் கேப்டன். 2012ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கமும் பிறகு அவருக்கு வந்து சேர்ந்தது. மார்லியன் பிக்கெட்டை ரிச்மண்ட் 2019 சீசனின் நடுவே நடந்த டிராஃப்டில் எடுத்தபோது அவருக்கு 27 வயது. அவர் ஆடிய முதல் ஏ.எஃப்.எல் ஆட்டமே அந்த ஆண்டின் இறுதி ஆட்டம்! 18 வயதில் பெயர் வராததால் கதவு மூடிவிட்டது என்று உங்கள் மகன் நினைத்துவிடக் கூடாது. நீங்களும்தான்.

அப்படியானால் படிப்பு? பெர்த்துக்குப் போனாலும் தொடரக்கூடிய ஒரு படிப்பாக, ஓர் அரையாண்டுக்கு ஒரு பாடம் என்ற வேகத்தில் போகட்டும். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உயர்நிலை விளையாட்டு வீரர்களுக்கு வருகையிலும் தேர்வுத் தேதியிலும் சலுகை உண்டு. ஆட்டக்காரர்களின் சங்கமும் படிப்புக்கு உதவுகிறது. கிளப்பில் ஆட்டக்காரர்களின் நலனைக் கவனிக்கவென்றே ஒருவர் இருப்பார். முதல் வாரத்திலேயே அவரோடு பேசுங்கள். பொறியியலா மருத்துவமா என்ற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். 20 வயதில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றால், பாதி முடித்த படிப்பு ஒன்று கையில் இருக்கும் பையன் எழுந்து நடப்பான். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து "எனக்கு ஃபுட்டி தவிர ஒன்றும் தெரியாது" என்று அழுத பையன்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. ஆட்டம் முடிந்து காரில் வீட்டுக்கு வரும்போது எத்தனை கோல், கோச் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவனே சொல்வான்.

சீசன் தொடங்குவதற்குள் ஒருநாள் என்னை வந்து பாருங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவன் வாயிலிருந்தே நான் கேட்க வேண்டும். பள்ளியில் கொடுத்த பாடத் தேர்வுப் படிவத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். நிரப்பாமல்.