8 வயசுப் பையனுக்கு ரோமர்களை எப்படி அறிமுகப்படுத்தறது

சிஸ்டர், உங்க பையனுக்கு சீசர்ல ஆரம்பிச்சு ரோம் ராஜாக்களை வரிசையா சொன்னா எழுந்து ஓடிடறான், கிளாடியேட்டர் (ஜனங்க வேடிக்கை பாக்க அரங்கத்துல மோதுன வீரர்கள்) சண்டை மட்டும்தான் கேக்கறான்னு எழுதியிருந்தீங்க. 8 வயசுல யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. ராஜாக்களை இப்போதைக்கு விட்டுடுங்க.

இத்தாலியில இருந்த பொம்பெயிங்கற (Pompeii) பழைய ரோமர் ஊர்ல ஆரம்பிங்க. கி.பி. 79-ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சு ஊரே சாம்பல்ல புதைஞ்சுதுல்ல, அங்க ஒரு வீட்டு வாசல்ல சங்கிலி போட்ட கறுப்பு நாயை மொசைக்ல பதிச்சு கீழ லத்தீன்ல 'நாய் ஜாக்கிரதை'ன்னு எழுதியிருப்பாங்க, அந்தப் படத்தைக் காட்டுங்க, சிரிச்சுடுவான். அப்புறம் கரிஞ்சு போயும் உருவம் மாறாம கிடைச்ச வட்ட ரொட்டி, 8 துண்டா பிக்க மேல கோடு கூட அப்படியே இருக்கு. லீவு நாள்ல அதே மாதிரி ஒண்ணு பண்ணி சாப்பிடுங்களேன்.

இங்கிலாந்து வடக்குல விண்டோலாண்டாங்கற பழைய ரோமர் கோட்டையில கிடைச்ச மெல்லிசு மரப்பலகை லெட்டர் ஒண்ணுல, உனக்கு சாக்ஸ், செருப்பு, ரெண்டு ஜட்டி அனுப்பியிருக்கேன்னு யாரோ எழுதியிருக்காங்க! ஜட்டின்னு கேட்டதும் பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க, வரலாறும் உள்ள போயிடும்.

கிளாடியேட்டரைத் தடுக்க வேணாம். ஆனா சினிமா மாதிரி எல்லா சண்டையும் சாவுல முடியல, ரெஃப்ரி இருந்தார், பார்லி நிறைய சாப்பிட்டாங்கன்னு சொல்லுங்க. அவங்கள்ல நிறைய பேர் அடிமைங்கன்றதையும் மறைக்காதீங்க, ஏன் ஓடிப்போகலன்னு அவனே கேப்பான் பாருங்க.